கழுத்தைத் திருப்பிய ஆட்டக்காரர்

பனித்தளத்தின் இடது ஓரமாக ஒருவர் சறுக்கிக்கொண்டு விரைகிறார். விரைந்தபடியே தலையை வலது தோளுக்கு மேலாக, முகவாய் தோளைத் தொடும் அளவுக்குத் திருப்புகிறார். இந்த ஒரு அசைவைப் பற்றிப் படித்து நாளாகிவிட்டது. இன்னும் அது என்னை விடவில்லை.

அவர் வில்லி ஓரீ. கனடாவின் ஃபிரெடெரிக்டன் நகரத்துக்காரர். 13 பிள்ளைகள் பிறந்த வீட்டில் கடைக்குட்டி. ஐஸ் ஹாக்கியில் இடப்பக்க முன்கள வீரர். இடது ஓரத்தில் ஆடுகிறவருக்கு ஆட்டம் முழுவதும் வலப்பக்கம்தான் நடக்கும். சக வீரர் தள்ளிவிடும் ரப்பர் வட்டும் அங்கிருந்துதான் வரும். ஓரீயின் வலது கண்ணில் பார்வை இல்லை. ஆகவே வட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை முழுக்கத் திருப்பி, இடது கண்ணை அந்தத் திசைக்குக் கொண்டுவர வேண்டும். திருப்பியிருக்கும் அந்த நொடியில் முன்னால் யார் மோத வருகிறார் என்பது தெரியாது. ஐஸ் ஹாக்கியில் மோதுவது விதிக்கு உட்பட்டது. பலகைச் சுவரோடு சேர்த்து அடிப்பார்கள். இத்தனையும் தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் திருப்பினார்.

1955-56 பருவத்தில், 20 வயதில், வட்டு பாய்ந்து அந்தக் கண் போயிற்று. பார்வையில் 95 சதவீதம் இல்லை. இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில வாரங்களில் அவர் மறுபடியும் பனியில் நின்றார். வீட்டில் ஒரு சகோதரியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அப்பா அம்மாவுக்குக்கூடத் தெரியாது. 1958 ஜனவரி 18 அன்று மாண்ட்ரியலில் பாஸ்டன் புரூயின்ஸ் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியபோது, தேசிய ஹாக்கி லீகில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அந்த லீகில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 45 ஆட்டங்கள். அவருக்கு அடுத்த கறுப்பின வீரர் அங்கே வர 1974 ஆயிற்று. ஓரீயோ கீழ்நிலை லீகுகளில் 43 வயது வரை ஆடிக்கொண்டிருந்தார்.

2003-இல் அவருக்கு லெஸ்டர் பேட்ரிக் கோப்பை கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கிக்குத் தொண்டு செய்தவர்களுக்கென 1966-இல் ஏற்பட்ட விருது அது. கோல் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதில்லை. நடுவர்கள் வாங்கியிருக்கிறார்கள், நிர்வாகிகள் வாங்கியிருக்கிறார்கள். ஸ்னூப்பி என்ற நாய்க்குட்டியை வரைந்த சார்லஸ் ஷுல்ஸ் 1981-இல் வாங்கினார். தன் ஊரில் ஒரு பனித்தளத்தைக் கட்டி, முதியவர்களுக்குப் போட்டி நடத்தியவர் அவர். இப்படி ஒரு விருது இருப்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. ஆட்டம் ஆடுகிறவர்களால் மட்டும் நடப்பதில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. ஓரீக்குக் கிடைத்ததும் 1998-க்குப் பிறகு ஊர் ஊராகப் போய், பனித்தளத்தையே எட்டிப்பார்க்காத பிள்ளைகளை விளையாட்டுக்குள் அழைத்து வந்த வேலைக்காகத்தான். அதற்கு முன்பு சான் டியேகோ பக்கம் ஓர் ஓட்டலில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு முழு வாழ்க்கையைப் பார்த்துக் கொடுக்கும் மரியாதையில் அந்தக் கழுத்துத் திருப்பலை எங்கே வைப்பது? அது தொண்டா, உறுதியா, இல்லை பொய்யா?

பொய் என்று ஒரு பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஒற்றைக் கண்காரர் ஆடக்கூடாது என்று அந்த லீகில் விதி இருந்தது. அதை மனிதத்தன்மை இல்லாத விதி என்று ஒதுக்கவும் முடியாது. கிச்சனர் ஊரில் ஆடிய ஃபிராங்க் ட்ருஷின்ஸ்கி 1921-இல் ஒரு கண்ணை இழந்தார், ஆட்டத்தை விடவில்லை, பிறகு இன்னொரு கண்ணும் போயிற்று. அவர் பெயரால்தான் அந்த விதியை இன்றும் சொல்கிறார்கள். ஒருவர் பட்ட கஷ்டம் இன்னொருவருக்கு வரக்கூடாது என்ற அக்கறையில் பிறந்த விதி அது. ஓரீ மறைத்தது அந்த அக்கறையிடமிருந்துதான்.

எங்கள் அப்பத்தாவும் மறைத்தாள். அவளுக்கு வலது கண்ணில் எப்போது புரை விழுந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அரிசியைக் கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் அளைந்தே கல் பொறுக்குவாள். அது கைப்பழக்கம் என்று நினைத்தோம். அடுக்களையில் வாசல் எப்போதும் தன் இடப்பக்கம் வரும்படியே மணை போட்டு உட்காருவாள். அது அவள் பிடிவாதம் என்று நினைத்தோம். பால் பொங்குவதைச் சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவாள். ஒருநாள் சித்தி இறக்கி வைத்த கொதிக்கும் சட்டி வலப்பக்கம் இருந்தது. அப்பத்தா அதன்மேல் கையை வைத்துவிட்டாள்.

அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: "இனிமே நீங்க அடுப்புப் பக்கம் வராதீங்க அத்தை. உக்காந்து சாப்பிடுங்க, நாங்க இருக்கோம்ல."

"உக்காந்து சாப்பிட நான் என்ன விருந்தாளியா?" என்று அப்பத்தா கேட்டாள். கையில் பூசிய மஞ்சளை மறந்துவிட்டேன், முகத்தைக்கூட ஓரளவு மறந்துவிட்டேன். அந்தக் குரல் மறக்கவில்லை.

அம்மா செய்தது சரி. பிள்ளைகள் ஓடியாடுகிற வீடு, மண்ணெண்ணெய் அடுப்பு. அப்பத்தா கேட்டதும் சரி. அடுக்களைதான் அவளுடைய இடம். அவள் சொல்லுக்கு மதிப்பிருந்த ஒரே இடமும் அதுதான். உண்மையைச் சொன்னால் அது போய்விடும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அன்போடுதான் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் தெரிந்திருக்கும். அன்பாக எடுத்துக்கொண்டாலும் போனது போனதுதான்.

இதையே ஒரு பேருந்து ஓட்டுநர் செய்திருந்தால்? வழியே இல்லை, அவரை விடக்கூடாது. பின்னால் அத்தனை உயிர்கள் இருக்கின்றன. அப்படியானால் ஆபத்து தன்னோடு நிற்கும்வரை மறைக்கலாம் என்று ஒரு கோடு போட்டுவிடலாமா? ஓரீ இரண்டு கண்ணையும் இழந்திருந்தால் அந்த 13 பேர் வீட்டில் யாராவது ஒருவர்தானே கையைப் பிடித்து நடத்தியிருக்க வேண்டும்? தன்னோடு நிற்கிற ஆபத்து என்று ஒன்று உண்டா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எதிரணி ஊர்களில் ஓரீயின் மேல் வசவு பொழிந்தது நிறத்துக்காக. நிறத்தை மறைக்க முடியாது. பனியில் கால் வைத்த நொடியிலேயே எல்லோரும் பார்த்துவிட்டார்கள், தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். தன்னைப் பற்றி உலகத்துக்கு எதைத் தெரிவிப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு ஒரு விஷயத்தில் பிறப்பிலேயே இல்லை. கண் விஷயத்தில் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நிறத்தைக் காரணம் காட்டி மூடிய கதவைத் தட்டுவதற்கே அத்தனை பாடுபட்டவரிடம் போய், அதை மூட இரண்டாவது காரணத்தையும் நீயே எழுதிக் கொடு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. இதை நியாயம் என்று சொல்வேனா? என் மனம் அவர் பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பின்னாளில் லாஸ் ஏஞ்சலிஸ் அணியில் ஒரு பயிற்சியாளர் அவரை வலப்பக்கத்துக்கு மாற்றினார். கண்ணைப் பற்றித் தெரிந்து மாற்றவில்லை. இப்போது ஆட்டம் முழுவதும் நல்ல கண்ணின் பக்கம் வந்துவிட்டது. 1964-65 பருவத்தில் 38 கோல் போட்டார். இதைப் படித்தபோது மகிழ்ச்சியைவிட வருத்தம்தான் அதிகம் வந்தது. யாரிடமாவது சொல்லியிருந்தால் இந்த மாற்றம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்குமே! உடனே இன்னொன்றும் தோன்றுகிறது: சொல்லியிருந்தால் மாற்றியிருக்க மாட்டார்கள், வீட்டுக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். 1958 ஜனவரி 18 என்ற நாளே இருந்திருக்காது.

என் மகள் பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். உடம்பில் ஏதாவது வலி இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும் என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓரீக்கு அந்த விருதைக் கொடுத்தது சரி என்பதிலும் சந்தேகம் இல்லை. இரண்டையும் ஒரே மனதில் எப்படி வைத்திருக்கிறேன் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.