தஹ்ரீரைக் கூட்டிப் பெருக்கியவர்கள்

2011 பிப்ரவரி 11 அன்று எகிப்து அதிபர் ஹோஸ்னி முபாரக் பதவி விலகினார். 30 ஆண்டு ஆட்சி 18 நாள் போராட்டத்தில் முடிந்தது. மறுநாள் காலை கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் இளைஞர்கள் துடைப்பத்தோடு இறங்கினார்கள். குப்பையை மூட்டை கட்டினார்கள், பெயர்ந்து கிடந்த கற்களை நடைபாதையில் திரும்பப் பதித்தார்கள், சாலையோரக் கற்களுக்கு வண்ணம் பூசினார்கள். தெரு நம்முடையது என்று நம்பியவர்கள் செய்த வேலை அது. அந்த நம்பிக்கையை இன்றும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் நாட்டை யாரிடம் விட்டுவிட்டு வீடு திரும்பினார்கள் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

முபாரக்கை வளர்த்துவிட்ட ராணுவமே ஆட்சியை எடுத்துக்கொண்டது. ராணுவமும் மக்களும் ஒரே கை என்று முழங்கிய சதுக்கம் அது. டாங்கி மேல் நின்ற சிப்பாய்களிடம் குழந்தைகளைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 9 அன்று அதே ராணுவம் சதுக்கத்திலிருந்த போராட்டக்காரர்களின் கூடாரங்களைப் பிய்த்தெறிந்தது. பிடிபட்டவர்களைப் பக்கத்திலிருந்த எகிப்திய அருங்காட்சியக வளாகத்துக்குள் இழுத்துப்போய் அடித்தது. கைதான பெண்களைக் கன்னித்தன்மைச் சோதனை என்ற பெயரில் அவமானப்படுத்தியது.

சதுக்கத்தைப் புனிதமாக்கவும் எனக்கு மனமில்லை. கூட்டத்துக்குள்ளேயே பெண்களைச் சூழ்ந்துகொண்டு தாக்கியவர்கள் இருந்தார்கள். தேர்தலில் வென்று வந்த அதிபர் முகமது முர்சியை ராணுவம் 2013 ஜூலையில் இறக்கியபோது, வாணவேடிக்கையோடு கொண்டாடியதும் இதே இடம்தான். ஓர் ஆளை இறக்கச் சதுக்கம் போதும். அடுத்து யார், எந்த விதிப்படி என்று முடிவெடுக்கக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் நீதிமன்றங்களும் வேண்டும். பல பத்தாண்டுகளாக அவற்றையெல்லாம் நெரித்து வைத்திருந்த நாட்டில், கட்டுக்குலையாமல் நின்றது ராணுவம் ஒன்றே.

சதுக்கத்திலிருந்து கிளைக்கும் முகமது மஹ்மூத் தெருவில், 2011 நவம்பரில் போலீஸ் சுட்ட பெல்லட் குண்டுகளால் பலருக்குக் கண் போனது. ஒரு கண்ணில் கட்டுப்போட்ட முகங்களை ஓவியர்கள் அந்தத் தெருச் சுவரில் வரிசையாக வரைந்தார்கள். ஓவியங்களின் மேல் வெள்ளையடிக்கப்பட்டது; மறுபடி வரைந்தார்கள். 2015இல் அந்தச் சுவரின் ஒரு பகுதியே இடிக்கப்பட்டது.

அந்த 18 நாள் எழுச்சியில் குறைந்தது 846 பேர் இறந்ததாக அரசு அமைத்த விசாரணைக் குழுவே சொன்னது. அந்தச் சாவுகளுக்கான வழக்கிலிருந்து 2017இல் முபாரக் விடுதலையானார். 2020 பிப்ரவரியில் அவர் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு தஹ்ரீரின் நடுவில் ராம்சேஸ் மன்னன் காலத்துக் கல்தூணை நிறுத்தி, சுற்றிலும் கர்னாக் கோயிலின் ஆட்டுத்தலைச் சிலைகள் நான்கை வைத்தார்கள். அங்கே மக்கள் மறுபடி கூடுவதும் எளிதல்ல: 10 பேருக்கு மேல் பொது இடத்தில் கூடுவதானால் போலீசுக்கு முன்கூட்டியே எழுதிக்கொடுக்க வேண்டும் என்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. எழுதிக்கொடுத்தாலும் உள்துறை அமைச்சகம் தடுக்கலாம் என்ற விதியும் அதில் 2016 வரை இருந்தது.