தீவனமும் ஜீவகாருண்யமும்

விருத்தாசலத்துக்கு வெகு தூரமில்லாத வடலூரில், இராமலிங்க அடிகள் 1867-இல் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது என்பதை அறிந்த மனம், ஆட்டுத்தொட்டியின் இரத்தத்தையும் எலும்பையும் வேகவைத்துப் பொடித்துக் கறிக்கோழிக்கு இடலாமா என்ற கேள்வியை, வெறும் வியாபாரக் கணக்காகக் கருதிக் கடந்துவிட இயலாது.

கணக்கும் பொய்யன்று. இரத்தத்தூளில் நூற்றுக்கு 80 பங்கு அளவில் புரதம் உண்டு. சோயாப் பிண்ணாக்கில் அதில் பாதிக்குச் சற்றே மேல். கோழியும் ஸ்வபாவத்தில் சைவப் பிராணி அன்று. கவிழ்த்த பானைக்குள் சாணமும் கந்தல் சாக்கும் வைத்துக் கறையான் சேர்த்துக் குஞ்சுகளுக்குக் கொட்டிய நம் பாட்டிமார் அதை நன்கறிவர்.

ஆயினும் முற்றத்தைக் கிளறிய கோழிக்கு வேண்டியதைத் தேடவும் வேண்டாததை விடவும் சுதந்திரம் இருந்தது. ஏறக்குறைய 40 நாள் ஆயுளுடைய கொட்டகைக் கோழியோ நாம் இட்டதன்றி வேறொன்றும் அறியாது. ஆதலால் தோஷம் இடுகின்ற நம்மையே சாரும். மாட்டெலும்புத் தூளை மாட்டுக்கே இட்டு மாட்டுப் பித்து நோய் பரவக் கண்ட பிரிட்டன் 1988-இல் அதைத் தடுத்தது. 2001-இல் பண்ணைப் பிராணிகளுக்குப் பதப்படுத்திய பிராணிப் புரதத்தை விலக்கிய ஐரோப்பிய ஒன்றியம், 2021-இல் பன்றிப் புரதத்தைக் கோழிக்கு அனுமதித்தபோதும், ஓரினத்தை அதே இனத்துக்கு இடும் தடையை நீக்கவில்லை. நோய்க்கு அஞ்சி இட்ட அவ்வரம்பைத் தருமத்தின் வரம்பாகவும் நான் ஏற்கிறேன். கொன்ற உடலைச் சாக்கடையில் எறிவது அவ்வுயிருக்கு இழைக்கும் இரண்டாம் அவமதிப்பு; எனினும், தீவனம் மலியக் கறி மலிந்து, கறி மலியக் கொலையும் பெருகுமோ என்ற அச்சம் என்னை விட்டு நீங்கவில்லை.