மயக்கத்தின் சாட்சி

சென்ற வருஷம் ஒரு பகல் வேளையில், பஸ்ஸுக்காக நின்றிருந்த இடத்திலேயே நான் மயங்கி விழுந்தேன். அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாள்தான் அதற்குச் சாட்சி. என் முகம் வெளுத்ததையும், வேர்த்துக்கொட்டியதையும், பிடித்துக்கொள்ளக் கம்பத்தை நான் தேடியதையும் அவள் பார்த்திருக்கிறாள். பத்து நாள் கழித்து நான் போய்க் கேட்டபோது சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறியிருந்தது 'மயக்கம்' என்ற ஒரு சொல் மட்டும்.

மயக்கங்களில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. நரம்புகளின் அனிச்சைச் செயலில் நாடி தளர்ந்து, இரத்த அழுத்தம் சரிந்து, மூளைக்குப் போகும் இரத்தம் சில கணங்கள் குறைகிறது. சில மட்டும் இதயத்தின் எச்சரிக்கை. யாரை வீட்டுக்கு அனுப்புவது, யாரை இருத்திக்கொள்வது என்ற தீர்ப்பைச் செயற்கை நுண்ணறிவிடம் விடலாமா என்பது இன்றைய கேள்வி.

யந்திரத்தைப் பழிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. சீரான லயத்தில் எடுத்த இதய மின்வரைபடத்திலிருந்தே, அந்த லயம் வேறு சமயங்களில் குலைவதை அது ஊகிக்க முடியும் என்று 2019ல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் காட்டினார்கள். மனிதக் கண்ணுக்கு இது எட்டாது. நள்ளிரவில் தூக்கம் கெட்ட டாக்டரைவிட அது மேலாகவும் இருக்கலாம்.

என் பிரச்சினை வேறு. 2016ல் கனடாவில் மயக்கத்துக்கு ஒரு மதிப்பெண் முறை வகுத்தார்கள். ஒன்பது அம்சங்கள், மொத்தம் -3லிருந்து 11 வரை. அவற்றில் இரண்டு, டாக்டரின் சொந்த நிர்ணயம். நரம்பு வழி வந்த மயக்கம் என்று அவர் முடிவு செய்தால் இரண்டு கழியும். இதயத்தால் என்றால் இரண்டு கூடும். எண்ணுக்கு உள்ளேயே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். யாரிடமாவது கேட்டுத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

யந்திரமோ எழுதப்பட்டதிலிருந்து கற்கிறது. பூக்கார அம்மாளின் வார்த்தைகள் எழுதப்படவில்லை. என் சீட்டைப் போன்ற ஆயிரம் சீட்டுகளை அது படித்தால், நாம் கேட்காமல் விட்டதும் அதன் அறிவில் சேர்ந்துவிடும். பிறகு, கேட்கத் தேவையில்லை என்பதற்கு அந்த அறிவையே ஆதாரமாகக் காட்டுவோம்.

பிரக்ஞை தனி மனிதனின் சொத்து என்று நம் எழுத்தில் வெகு காலமாகப் பேசியிருக்கிறோம். விழுந்த பிறகு எனக்கு அது சந்தேகமாக இருக்கிறது. அந்த ஒரு நிமிஷம், என்னைப் பற்றிய பிரக்ஞை பெயர் தெரியாத ஒருத்தியிடம் இருந்தது. அவளை விசாரிக்காத வைத்தியம், யந்திரம் செய்தாலும் மனிதன் செய்தாலும், அந்த நிமிஷத்தை விட்டுவிட்டு மீதி எனக்குச் செய்யப்படுவதே.

அன்றைக்கு யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும் பத்து நாள் கேட்கவில்லை.