தேரை நிறுத்திய பெருமான்



சென்ற ஆண்டு தசலட்சணப் பருவத்தின் ஒன்பதாம் நாள். ஆகிஞ்சன்யம் என்னும் பற்றின்மை அறத்தைச் சிந்திக்க வேண்டிய நாள். அடையாற்றில் வாழும் என் தமையனார் மகன் அன்று மயிலாப்பூரிலுள்ள என் இல்லத்துக்கு வந்தான். பொழுது சாயுமுன் உணவு முடித்தோம். பிறகு அவன் தயங்கித் தயங்கி ஒரு வினாவை எழுப்பினான்: “அத்தை, என்னிடம் அந்தப் பழைய பென்ஸ் கார் இருப்பது பாவமா?”

வினாவின் பின்னணியைச் சொல்ல வேண்டும். மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் 1995-இல் புனே நகரில் தன் கார்களை உருவாக்கத் தொடங்கியது. அத்தொடக்க காலத்துக் கார் ஒன்றை அவன் சில ஆண்டுகளுக்கு முன் விலைக்கு வாங்கினான். அன்றாட அலுவலுக்கு வேறொரு சிறிய கார் உண்டு. இது அவன் உள்ளத்துக்கு உகந்த கார். இத்தகைய கார்களைப் பேணும் நண்பர்கள் சிலர் அவனுக்கு வாய்த்தனர். ஞாயிறு விடியற்காலையில் அவர்கள் ஒன்றுகூடிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சென்று மீள்வர். எவருக்கேனும் ஓர் உதிரிப் பாகம் தேவையெனில் மற்றவர் புதுப்பேட்டைக் கடைகளில் தேடித் தருவர். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கிறது என்றால், அதற்கு மாற்று என்ன என்று கூடி ஆராய்வர். கைத்திறன் மிக்க பழைய மெக்கானிக்குகளைத் தேடிச் சென்று மதிப்பர். ஒரு பொருளைக் கெடாமல் காத்தலும், தானறிந்ததைப் பிறருக்கு ஒளிக்காமல் உரைத்தலும் நற்குணங்களே. அவற்றை நான் குறை கூறேன்.

இவ்விருப்பம் நம் நகருக்குப் புதியதுமன்று. சிம்ப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியால் இயங்கும் கார் ஒன்றை உருவாக்கிச் சென்னைத் தெருக்களில் ஓட்டினார். உயர் நீதிமன்றக் கட்டடத்தை எழுப்பிய நம்பெருமாள் செட்டியார், சென்னையில் கார் வாங்கிய முதல் இந்தியர் என்பர். 2023 மே மாதத்தில் வடபழனி ஏவி.எம். வளாகத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் நாற்பதுக்கு மேற்பட்ட பழைய கார்கள் இடம்பெற்றன. அவை பளபளப்புக் குன்றாமல் நிற்கின்றன. அவற்றில் முதன்முதலில் ஏறி அமர்ந்து பெருமிதம் கொண்டவர்களுள் பலர் இன்று இல்லை.

என் தமையனார் மகனின் காருக்குரிய பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அவனுக்கு முன் மூவர் அதற்கு உரிமையாளராய் இருந்துள்ளனர். அவன் பெயர் நான்காவது. மகாபுராணம் கூறும் ஒரு வரலாறு என் நினைவுக்கு வந்தது. ஆறு கண்டங்களையும் வென்ற பரத சக்கரவர்த்தி, தம் புகழைப் பொறிக்க விருஷபாசலம் என்னும் மலையை அடைந்தார். அங்கே முன்னிருந்த சக்கரவர்த்திகளின் பெயர்கள் நிறைந்து, ஒரு பெயருக்கும் இடமில்லாதிருந்தது. முந்தைய பெயர் ஒன்றை அழித்தே தம் பெயரைப் பொறித்தார். “என் மலை” என்று வந்தவரின் செருக்கு அங்கே உடைந்தது. காரின் பதிவுப் புத்தகமும் அத்தகைய மலையே என்று அவனிடம் கூறினேன். அவன் நகைத்தான், பிறகு சிந்தித்தான்.

அதன்பின் அவன் வினாவுக்கு நூல்வழி நின்று விடை கூறினேன். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகம் என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்தில் பொருளைச் சுட்டவில்லை, மூர்ச்சையைச் சுட்டுகிறார். மூர்ச்சை என்பது மயக்கம். “இது எனது” என்று உயிர் தன்னை மறந்து பொருளில் அழுந்துதலே பரிக்கிரகம். முற்றத் துறந்த முனிவருக்கு ஒரு நூலிழையும் உடைமையாகாது. இல்லறத்தாராகிய நமக்கோ, அளவு வகுத்துக்கொள்ளும் அணுவிரதம் விதிக்கப்பட்டது. அதனையே மிகுபொருள் விரும்பாமை என்கிறோம்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டகத்தில் இவ்விரதத்துக்கு ஐந்து குற்றங்களை வகுத்தார். அந்நூலின் வழியில் தமிழில் எழுந்தது அருங்கலச்செப்பு. தேவைக்கு மிஞ்சி ஊர்தி செலுத்துதல், தேவைக்கு மிஞ்சிப் பொருள் சேர்த்தல், பிறர் செல்வம் கண்டு வியந்து ஏங்குதல், பேராசை, அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல் என்பன அவை. எண்ணிப் பாருங்கள், அன்பர்களே! இக்குற்றங்களின் வரிசையில் முதலில் நிற்பது ஊர்தி! மாட்டு வண்டியும் குதிரையும் வழங்கிய காலத்தில் எழுந்த நூல், நம் வீட்டு வாயிலில் நிற்கும் காரையும் அளந்து காட்டுகிறது. மூன்றாம் குற்றத்தையும் நோக்குங்கள். நண்பர்கள் கூடிக் கார்களை வரிசையாய் நிறுத்தும்போது, “அவனுடையது என்னுடையதினும் சிறந்தது” என்று எழும் வியப்பும் ஏக்கமும், பணம் கொடாமலே வினையைக் கட்டிக்கொள்ளும் வழியன்றோ?

இன்னும் இரண்டு செய்திகள் சொன்னேன். ஒன்று வரி. தமிழகத்தில் 2023 நவம்பரில் 20 இலட்ச ரூபாய்க்கு மேற்பட்ட புதிய கார்களுக்கு ஆயுள் வரி, விலையில் 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இதற்கு அஞ்சி, புதுச்சேரியில் தாம் வாழாத ஒரு வீட்டின் முகவரியைக் காட்டிப் பதிவு செய்வோர் உளர். அரசின் முறையைக் கடந்து பொருள் காத்தல், கள்ளாமை விரதத்துக்குச் சொல்லப்பட்ட குற்றங்களுள் ஒன்று. பொய் முகவரியோ பொய்யாமையையும் கெடுக்கிறது. ஒரு காருக்காக இரு விரதங்களை இழப்பது என்ன வணிகம்?

மற்றொன்று இருக்கையின் தோல். உயர்விலைக் கார் ஒன்றின் உள்ளணிக்குப் பல மாடுகளின் தோல் வேண்டும். ஜிநாலயத்துள் தோல் வாரும் தோல் பையும் கொண்டு செல்லாத நாம், தோலின்மேல் அமர்ந்து ஆலயத்துக்குச் செல்லலாமா? தோல் இருந்தால்தான் மேன்மை என்பதும் பிற்காலத்து எண்ணமே. 1920-களிலும் 1930-களிலும் ஐரோப்பியச் செல்வர்களின் பெரிய கார்கள் பலவற்றில் மழையிலும் வெயிலிலும் அமரும் ஓட்டுநருக்கே தோல் இருக்கை. பின்னே அமர்ந்த உரிமையாளருக்குத் துணி இருக்கை. இதைக் கேட்ட என் தமையனார் மகன், கிழிந்திருந்த தோலை மாற்றும்போது பருத்தித் துணி போர்த்தினான். “பழைய உருவம் கெட்டது, இனிப் பரிசு கிடைக்காது” என்று நண்பர் ஒருவர் வருந்தினாராம். அவன் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவன் மனம் அமைதியுற்றது. நல்ல விடை சொன்னோம் என்று எனக்கும் மகிழ்ச்சி.

ஆனால் அவ்விடை நிறைவான விடையன்று என்பதை மார்கழியில்தான் உணர்ந்தேன்.

ஒரு நாள் அவன் அந்தக் காரில் என்னைத் தியாகராய நகருக்கு அழைத்துச் சென்றான். பாண்டி பஜாரின் இரைச்சல் முழுவதும் கண்ணாடிக்கு வெளியே ஊமைப்படம்போல் ஓடியது. உள்ளே குளிர்ச்சி, அமைதி. திடீரென்று அவன் முகம் சுருங்கியது. “கேட்டதா அத்தை? வால்வுப் பக்கம் மெல்லிய ஓர் ஒலி.” எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளே மெக்கானிக்கிடம் சென்று அதனைச் சரிசெய்து வந்தான். என்ன கூர்மையான செவி என்று வியந்தேன்.

அந்த வாரம் அவன் இல்லத்திலேயே தங்கியிருந்தேன். வைகறையில் கண்விழித்து நவகார மந்திரம் ஓதிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து இருமல் ஒலி எழுந்தது. விட்டு விட்டு, நெஞ்சைக் கிழிப்பதுபோல் எழுந்த இருமல். மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். பனியில், ஈரத் துணியுடன், அந்தக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார் ஒரு முதியவர். செஞ்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அந்த அடுக்ககத்தின் காவலர். காலையில் கார்களையும் துடைப்பவர்.

காலையில் என் தமையனார் மகனிடம் கேட்டேன்: “அவருக்கு இந்த இருமல் எத்தனை நாளாக?”

“எந்த இருமல், அத்தை?” என்றான்.

அன்பர்களே, அவன் கொடியவன் அல்லன். இரக்கமுள்ள பிள்ளை, ஆகார தானத்துக்கு முன்நிற்பவன். ஆயினும் இயந்திரத்தின் உள்ளே எழுந்த மெல்லொலி கேட்ட செவிக்கு, நாள்தோறும் காரின் அருகே எழுந்த இருமல் கேட்கவில்லை. அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தேன். சொல் வரவில்லை. ஏனெனில் அம்முதியவர் அந்த வாரத்தில் மூன்று முறை எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்; நான் ஏறி அமர்ந்தேன். அவர் முகத்தை நான் ஒருமுறையும் நோக்கவில்லை. கடைசி வரிசைப் பிள்ளையின் இருமலும் ஆசிரியரின் செவியில் விழவேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் கற்பித்தவள் நான்.

அப்போது மயிலையின் நாதரை நினைந்தேன். மயிலாப்பூரில் கடற்கரையோரம் நேமிநாதப் பெருமானுக்கு ஆலயம் இருந்தது என்பதும், கடல் கொள்ளும் என்று அஞ்சித் திருவுருவத்தை மேல்சித்தாமூருக்கு எழுந்தருளச் செய்தனர் என்பதும் நம் மரபு. குணவீர பண்டிதரின் இலக்கண நூல் நேமிநாதம் என்று பெயர் கொண்டதும் அப்பெருமானை நினைந்தே. போளூர் அருகே திருமலையில் 16 அடிக்குக் குறையாத உயரத்தில் சிகாமணிநாதராய் நிற்பவரும் அவரே.

அவர் வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். இராசமதியை மணக்க மணமகனாய்த் தேரேறிச் சென்றார். முரசும் சங்கும் முழங்கின. அம்முழக்கத்தினூடே, பட்டியில் அடைபட்ட விலங்குகளின் ஓலம் அவர் செவியில் விழுந்தது. தேர்ப்பாகனை நோக்கி, “இது என்ன?” என்று வினவினார். மணவிருந்துக்கு என்று அறிந்தார். தேரை நிறுத்தினார். அணிகளைக் களைந்தார். ஊர்ஜயந்த கிரியை நோக்கித் திரும்பினார்.

இவ்வரலாற்றைப் பன்முறை சொல்லியிருக்கிறேன். அவர் துறந்ததையே பெரிதாக எடுத்துரைப்பேன். இப்போதுதான் எனக்கு விளங்கியது: துறவுக்கு முன் நிகழ்ந்தவை மூன்று. அவர் கேட்டார், வினவினார், நிறுத்தினார். ஊர்வலத்தில் வந்த அனைவருக்கும் செவி இருந்தது. ஓலம் அவருக்கு மட்டுமே கேட்டது. தேரில் இருந்தது குற்றமாகவில்லை. தேரில் இருந்தும் அவர் செவி அடைபடவில்லை.

உயர்விலைக் காரின் பெருமை எதில் இருக்கிறது? வெளியொலி உள்ளே வாராமையில் இருக்கிறது. விரைந்து ஓடும்போதும் உள்ளிருப்போர்க்குக் கடிகார ஒலியே கேட்கும் என்னும் பொருள்பட, 1958-இல் ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு ஒரு புகழ்பெற்ற விளம்பரம் வெளிவந்தது. அந்த அமைதிக்கே விலை கொடுக்கிறோம். அங்கேதான் மூர்ச்சை மெல்ல நுழைகிறது. மயங்கியவனுக்கு முதலில் அடைபடுவது செவி. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை கேட்டதும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாய் நின்றதை நாம் கண்டோம். 2015 வெள்ளத்தில் பட்ட அறிவு அது. பொருளைக் காத்தல் பிழையன்று. ஆனால் அதே எச்சரிக்கையைக் கேட்டபோது, தாழ்வான இடத்தில் வாழும் நம் வீட்டுப் பணியாளரின் குடிசையை நம்மில் எத்தனை பேர் நினைத்தோம்?

அன்று காலையே அந்த முதியவரை என் தமையனார் மகன் தாம்பரம் சானடோரியத்திலுள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான், அதே காரில். “இருக்கை அழுக்காகும் ஐயா, நான் பேருந்தில் வருகிறேன்” என்று அவர் கைகூப்பினாராம். அவனே கதவைத் திறந்து அவரை அமரச் செய்தான். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினான். காசநோய் என்று ஆய்வில் தெரிந்தது. அரசு இலவசமாக வழங்கும் மருந்தை ஆறு மாதம் இடைவிடாது உண்டார். தவறாமல் உண்டாரா என்று கேட்பதை அவன் தன் கடமையாகக் கொண்டான். நோய் நீங்கியது. இப்போது அவர் பனியில் நின்று கார் துடைப்பதில்லை. என் தமையனார் மகன் தானே துடைக்கிறான். அந்தப் பழக்கம் அவனுக்கு மகிழ்ச்சியே தருகிறது.

கார் இன்னும் அவனிடம் இருக்கிறது. விற்றுவிடு என்று நான் கூறவில்லை. அவன் சில நியமங்களை ஏற்றான். உங்கள் சிந்தனைக்கும் அவற்றை வைக்கிறேன். ஊர்திகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை, அவனுக்கு இரண்டு. அழகுக்காகக் காருக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஈடாக மருத்துவ தானத்துக்கு ஒரு ரூபாய். உணவு, ஊர்தி, ஆடை, அணி முதலியவற்றை நாளுக்கும் பக்கத்துக்கும் மாதத்துக்கும் வரையறுக்க வேண்டும் என்று இரத்தினகரண்டகம் கூறுவதற்கேற்ப, அட்டமியிலும் சதுர்த்தசியிலும் அந்தக் காரைத் தொடாமை. ஏறுமுன், கதவருகே நிற்பவரின் முகம் நோக்கி நலம் வினவுதல்.

நான்காவது நியமத்துக்குச் செலவில்லை. கார் இல்லாதவரும் அதனை ஏற்கலாம், நானும் ஏற்றுள்ளேன். செல்வம் தீவினையா என்று கேட்போர்க்கு இனி நான் கூறும் விடை இதுவே: உன் தேரில் இருந்தபடி உனக்கு அழுகுரல் கேட்கிறதா? கேட்டால் நிறுத்த மனம் வருகிறதா? வருமாயின் அத்தேர் உனக்கு இன்னும் அடிமை. வாராதாயின், விலை சிறிதாயினும் பெரிதாயினும், நீயே அதற்கு அடிமை.

தேரை நிறுத்திய மயிலைநாதர் திருவடி நம் செவிகளைத் திறப்பதாக.

அறம் வாழ்க. எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.