கடைசியில் நிற்பவர்

கல்வராயன் மலையில், வெள்ளிமலையை அடுத்த ஒரு பள்ளி மைதானத்தில், சிறுவர்களின் கால்பந்தாட்டம் ஒன்றைச் சென்ற ஆண்டு ஒரு மாலையில் பார்த்துக்கொண்டிருந்தோம். மைதானத்தின் ஒரு பக்கம் சரிவு. பந்து தப்பினால் மரவள்ளிக் கொல்லையில் போய் விழும். உள்ளூர் அணி ஒரு கோல் வாங்கிற்று. சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் கோல் காப்பாளனாக நின்ற சிறுவனையே ஏசினார்கள். பயிற்சியளிக்கும் ஆசிரியர் மட்டும் அவனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தபின் பதினொருவரையும் தரையில் உட்காரவைத்து, "பந்து முதல்ல யார் கால்ல இருந்துடா போச்சு?" என்று கேட்டார். வலையிலிருந்து தொடங்கி, ஒவ்வொருவனாக விசாரித்துக்கொண்டே பின்னோக்கிச் சென்று, நடு மைதானத்தில் போய் நின்றார். அவரும் இளமையில் கோல் காப்பாளராக ஆடியவர் என்பதைப் பிறகு அறிந்தோம்.

தடுக்கக்கூடிய இடத்தில் கடைசியாக நின்றவர் மீது முழுப் பழியையும் சுமத்துவது நீதியாகுமா? மலையிறங்கும் வழியெல்லாம் இக்கேள்வி நம்மைத் தொடர்ந்தது.

இந்தியா கண்ட கோல் காப்பாளர்களுள் தலைசிறந்தவராகப் பலரும் கருதும் பீட்டர் தங்கராஜ் 1935இல் ஐதராபாத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் கோல் போடும் முன்வரிசை ஆட்டக்காரர். இராணுவத்தில் சேர்ந்து, குன்னூரை அடுத்த வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் ஆடினார். அவ்வணி 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது அவர் நோயுற்றிருந்தார். அதனால் இறுதியாட்டத்திற்கு முந்தைய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்தார். இறுதியாட்டத்தில் தங்கராஜ் திரும்பி வந்தார். அரங்கமே இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட, தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் பெற்றோம். (பர்மனின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?) ஓய்வுக்குப்பின் தங்கராஜ் பயிற்சியாளரானார், பொக்காரோவில் எஃகு ஆலையின் இளம் ஆட்டக்காரர்களைப் பயிற்றுவித்தார். 2008இல் அங்கேயே மறைந்தார்.

கோல் காப்பாளராக இருந்தவர் பயிற்சியாளராவதில் ஒரு பொருத்தம் உண்டு. மற்றப் பத்துப் பேரும் பந்தைப் பார்த்து ஓடுகிறார்கள். மைதானம் முழுவதையும் ஆட்ட நேரமெல்லாம் எதிரில் வைத்துப் பார்ப்பவர் அவர் ஒருவரே. ஒரு தவறு எங்கே பிறக்கிறது, எவரெவர் வழியாக வளர்ந்து தம்மிடம் வந்து சேர்கிறது என்பதை அவர் காண்கிறார். கண்டும், ஓடிப்போய்த் தடுக்க இயலாதவராக நிற்கிறார்.

பார்ப்பவர்களோ கடைசிக் காட்சியை மட்டுமே நினைவில் வைக்கிறார்கள். 1950 உலகக் கோப்பையில் பிரேசிலுக்குச் சமநிலை போதுமாயிருந்தது. உருகுவேயிடம் 2-1 என்று தோற்றது. தடுப்பாட்டக்காரர்களும் ஏசப்பட்டார்கள் என்பது உண்மையே. எனினும் கோல் காப்பாளர் பார்போசாவை அந்நாடு 2000இல் அவர் இறக்கும்வரை மன்னிக்கவில்லை. தம் நாட்டில் மிக உயர்ந்த சிறைத்தண்டனையே முப்பது ஆண்டுதான், தாமோ அதற்கும் மேலாக அனுபவித்துவிட்டதாக அவர் முதுமையில் கூறினார்.

இதற்கு மறுப்பும் உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பதினொருவருள் கையால் பந்தைத் தொட உரிமை பெற்றவர் அவர் ஒருவரே. தனி உரிமை பெற்றவர் தனிப் பொறுப்பையும் ஏற்கத்தானே வேண்டும்? ஆம், ஏற்கத்தான் வேண்டும். ஆனால் குருமடத்தில் அறநெறியியல் பயின்ற நாள்களில், ஒருவருடைய பொறுப்பை அவருக்கிருந்த அறிவையும் சுதந்திரத்தையும் கொண்டே அளக்க வேண்டும் என்று கற்றோம். நின்ற இடத்தைக் கொண்டு அளக்கக் கற்கவில்லை. மேலும், கடைசி ஆளைக் கடிந்துகொள்வதில் நமக்கொரு வசதி இருக்கிறது: அவரோடு விசாரணை முடிந்துவிடுகிறது, முன்னே இருந்த பத்துப் பேரும் வீட்டுக்குப் போகலாம்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. உடனே பலர் கல்வராயன் மலையைக் கைகாட்டினார்கள். மலையில் சாராய ஊறலுக்குப் பழைய பெயர் உண்டு; அதை மறைப்பதற்கில்லை. ஆனால் கொன்றது மெத்தனால். அது மலையடுப்பில் காய்ச்சிப் பெறுவதன்று, ஆலைகளுக்கான இரசாயனம். ஆலைப் பயன்பாட்டுக்கான பொருள் ஓர் ஏழையின் கைக்குச் சாராயப் பாக்கெட்டாக வந்துசேர எத்தனை கைகள் மாறியிருக்க வேண்டும்! எத்தனை கண்கள் வேறுபக்கம் திரும்பியிருக்க வேண்டும்!

துக்க வீடுகளுக்கு நாம் சென்றிருந்தோம். ஒரு வீட்டில், கணவரை இழந்த பெண்ணிடம், ஆறுதல் சொல்ல வந்த உறவினர் ஒருவரே, "நீ ஏம்மா அவன வெளியில விட்ட?" என்று கேட்டார். வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம்: அதே கேள்வி நம் நாவின் நுனியிலும் இருந்தது, அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். அந்தப் பெண் தலை நிமிராமலே சொன்னார்: "நான் கூலி வேலைக்குப் போயிருந்தேன் சாமி. அன்னிக்குச் சோத்துக்கு அரிசி இல்ல."

கேட்டவரை விட்டுவிட்டு அவர் நம்மிடம் ஏன் பதில் சொன்னார் என்று இன்றுவரை விளங்கவில்லை.