வேறுபாடும் குறைபாடும்

ஒரு பள்ளியின் விளையாட்டுத் திடல். ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில், ‘டைல்ஸ்’ என்று வழங்கும் ரப்பர் தரை ஓடுகள் பதிக்கப்படுகின்றன எனக் கொள்க. பழைய டயர்களை அரைத்துச் செய்த ஓடுகள் அவை. மாதிரியாகக் காட்டப்பட்ட ஓடு செங்காவி நிறம். வந்து இறங்கியவற்றுள் சில அதே நிறம், சில கருமை படர்ந்தவை, சில மங்கியவை. பள்ளி நிர்வாகி முகம் சுளிக்கிறார். “காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று” என்கிறார். “மறுசுழற்சிப் பொருள் ஐயா, இப்படித்தான் இருக்கும்” என்கிறார் விற்றவர். யார் பக்கம் நியாயம்?

வழக்கு சிறியதுதான். ஆயினும் வாழ்வில் நாள்தோறும் எழும் பெரிய வினா ஒன்று இதனுள் அடங்கியிருக்கிறது. வேறுபாடு எல்லாம் குறைபாடு ஆகுமா? குறைபாடு எதையும் ‘இயல்பு’ என்று சொல்லித் தப்பிவிடலாமா?

தீர்ப்புக்கு முன் பொருளின் தன்மையை அறிதல் வேண்டும். ரப்பர் மரத்தின் பால் வெண்மையானது. அதிலிருந்து பெறும் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கினால் உறுதி பெறும் என்பதை 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். தொடக்க காலத்து டயர்கள் வெளிர்நிறமாகவே இருந்தன. தேய்மானத்தைத் தாங்கும்பொருட்டு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ‘கார்பன் பிளாக்’ என்னும் நுண்கரி சேர்க்கப்பட்டது, டயர் கறுத்தது. எனவே அந்தக் கருமை அழுக்கன்று, வலிமையின் அடையாளம்.

கந்தகத்தால் இறுகிய ரப்பரை மெழுகுபோல் உருக்கி மீண்டும் வார்க்க இயலாது. ஆதலால் தேய்ந்த டயர்களைத் துண்டாக்கி, எஃகுக் கம்பியைக் காந்தத்தாலும் நூலிழையைக் காற்றாலும் பிரித்து, துகளாக அரைக்கின்றனர். அத்துடன் பாலியூரித்தேன் என்னும் பசையையும் நிறப்பொடியையும் கலந்து, அச்சில் அழுத்தி ஓடாக்குகின்றனர். செங்காவிக்குப் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடே நிறப்பொடி.

ஆக, நிறம் துகளின் உள்ளே இல்லை. மேலே போர்த்த மெல்லிய போர்வையாகவே இருக்கிறது. துகள்கள் பெரிதும் சிறிதுமாக இருப்பதால் அது ஒருசீராகப் படிவதில்லை. கலவைக்குக் கலவை நிறம் சற்றே மாறும். ஓடியாடும் கால்கள் பட்டுப் போர்வை தேயும்போது உள்ளிருக்கும் கருமை வெளிப்படும். பசையில் ஒரு வகை வெயிலில் மஞ்சளிக்கும். அதனால் நீல ஓடு பச்சைச் சாயல் கொள்ளும். இவை எவருடைய வஞ்சனையும் அல்ல, பொருளின் இயல்பு.

இதை உணராதவர், எல்லா ஓடுகளும் ஒரே நிறமாக இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் என்ன நிகழும்? நல்ல ஓடுகள் திருப்பி அனுப்பப்படும். உள்ளும் புறமும் ஒரே நிறமான புதிய ரப்பர்த் துகளை, கூடுதல் விலை கொடுத்து நாட வேண்டிவரும். பழைய டயரோ குப்பைமேட்டிலேயே கிடக்கும். மழைநீர் தேங்கிக் கொசுவை வளர்க்கும். தீப்பற்றினால் கரும்புகை கக்கி நெடுநேரம் எரியும். கழிவு டயர்களின் மறுசுழற்சிக்கு அவற்றைத் தயாரிப்போரும் இறக்குமதி செய்வோரும் பொறுப்பேற்க வேண்டும் என்று 2022-இல் இந்திய அரசு விதி வகுத்தது. அந்தப் பொறுப்பில் வாங்குபவருக்கும் ஒரு பங்கு உண்டு: பழைய பொருளின் தழும்பைப் பொறுத்துக்கொள்ளும் மனம்.

எனில், விற்றவர் பக்கமே நியாயம் என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டா. “இப்படித்தான் இருக்கும்” என்ற சொல், பணம் பெறுமுன் சொல்லப்பட்டால் உண்மை. முறையீடு வந்தபின் சொல்லப்பட்டால் சாக்குப்போக்கு. சொல் மாறவில்லை, சொன்ன வேளை மாறிவிட்டது. இருப்பவற்றுள் மிகச் சீரான ஓட்டைப் பொறுக்கி மாதிரியாகக் காட்டியவர் வாயால் பொய் சொல்லவில்லை. மாதிரியைப் பொய் பேச வைத்தார். அடர்ந்தது, மங்கியது, சில ஆண்டு வெயில் கண்டது ஆகிய மூன்றையும் காட்டி, “உங்கள் திடல் இப்படித்தான் அமையும்” என்று கூறியிருந்தால் வழக்கே எழுந்திராது. வாங்க வந்தவர்களுள் சிலர் விலகிப் போயிருக்கலாம். அந்த இழப்பே நேர்மையின் விலை.

இயல்பு என்ற சொல்லுக்குப் பின்னால் அசட்டையும் ஒளிந்துகொள்ளக்கூடும். பசை சரியாகக் கலக்காவிடினும் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். கையால் தேய்த்ததும் துகள் உதிருமாயின் அது வேறுபாடன்று, பிணைப்பின் குறைபாடு. அங்கே பொறுமை காட்டுவது பெருந்தன்மையாகாது, கடமையைக் கைவிடுதலாகும். ஏனெனில் அந்தத் தரை வெறும் அழகுக்காக இடப்படுவதன்று; விழும் குழந்தையின் தலையைக் காப்பதற்காக இடப்படுவது. விழுகையின் அதிர்ச்சியை அளக்கும் ‘தலைக்காயக் குறியீடு’ 1000-ஐத் தாண்டலாகாது என்பது விளையாட்டுத் தரைகளுக்கான அமெரிக்க, ஐரோப்பியத் தர அளவு. விழக்கூடிய உயரம் கூடக் கூட ஓட்டின் தடிமனும் கூட வேண்டும். நிறம் குன்றினால் பார்ப்பவர் கண் வருந்தும். தடிமன் குன்றினால் குழந்தை வருந்தும். நிறத்தைப் பலமுறை ஒப்பிட்ட நிர்வாகி, தடிமனை ஒருமுறையேனும் அளந்தாரா?

பதிப்போரிடம் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் ஒரே கட்டிலிருந்து ஓடுகளை எடுப்பதில்லை. பல கட்டுகளிலிருந்து எடுத்துக் கலந்து பதிப்பார்கள். மங்கியவை ஓரிடத்தில் குவிந்தால் கறையாகத் தெரியும். எங்கும் பரவினால் அதுவே தரையின் வண்ணமாகிவிடும். எந்த ஓடும் மறைக்கப்படவில்லை. எதுவும் ஒதுக்கப்படவும் இல்லை.

மனிதரிடத்தும் இதே நெறி பொருந்தும். பிறர் நடை, பேச்சு, பழக்கம் நம்மைப் போல் இல்லாதபோது, அது வேறுபாடு என்று ஏற்பது பண்பு. தன் சினத்தையும் சோம்பலையும் குறைபாடு என்று ஒப்புக்கொள்வது நேர்மை. உலகில் பெரும்பாலும் நடப்பதோ இதற்கு நேர்மாறு. பிறருடைய வேறுபாடு குறைபாடாகத் தோன்றுகிறது. தன்னுடைய குறைபாட்டுக்கோ “என் சுபாவம் இப்படித்தான்” என்ற பதில் ஆயத்தமாக இருக்கிறது. பிறரை நோக்கும்போது கடுமையான வாங்குபவராகவும், தன்னை நோக்கும்போது சாமர்த்தியமான விற்பவராகவும் இருப்பது மனத்தின் வழக்கம். இவ்விரு வேடங்களையும் இடம் மாற்றிக்கொள்ளப் பழகியவனிடம் வழக்குகள் தாமே குறையும்.