கூத்தைக் காப்பாற்ற யார் வீட்டுப் பிள்ளை?

காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரை, வரலாறு படித்தவர்களுக்கு 1780-ஆம் ஆண்டுப் போரால் தெரியும். ஹைதர் அலியின் படையிடம் கும்பினிக்காரர்கள் தோற்ற இடம். அந்தப் போர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரண்மனைச் சுவரோவியமாக இருக்கிறது. இந்த வட்டாரத்து ஊர்களில் வருஷா வருஷம் நடக்கும் போர் வேறு, குருட்சேத்திரம். கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ராத்திரி தொடங்கினால் விடிந்த பிறகுதான் வேஷம் கலைப்பார்கள்.

அந்த விடியற்காலையைப் பற்றித்தான் என் கேள்வி. ராத்திரி முழுக்க ஆடிய பன்னிரண்டு வயதுப் பையன் காலையில் பள்ளிக்கூடம் போவானா?

போக முடியாது. கூத்தைப் புத்தகம் வைத்துக் கற்பதில்லை. குழுவோடு ஊர் ஊராகப் போய், பின்பாட்டுப் பாடி, சின்ன வேஷம் கட்டி, ஒருநாள் திடீரென்று "இன்னிக்கு நீ கட்டுடா" என்று பெரிய வேஷம் கைக்கு வந்து கற்பது. நாம் வியக்கும் பெரிய கூத்துக் கலைஞர்கள் பலர் பாதியில் பள்ளியை விட்டவர்கள். இதைக் குருகுலக் கல்வி என்று புகழலாம், குழந்தை உழைப்பு என்றும் சொல்லலாம். இரண்டுமே பொய்யில்லை.

சிறு வயதிலேயே அப்பாவின் குழுவில் ஆடத் தொடங்கிய பெ. ராஜகோபாலுக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருந்திருக்காது. அவரும் மனைவி ஹன்னே டி ப்ரூயினும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்துச் சங்கம் (தொடக்கம் 1990), 2002-இல் காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலம் தொடங்கியது. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் கூத்தும் சேர்ந்து படித்தார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளும் பயின்றார்கள். 2020-இல் குருகுலம் மூடப்பட்டது.

இப்படி ஒரு பள்ளி மூடினால் உடனே ஒரு கணக்கு கேட்போம்: "படிச்சதுல எத்தனை பேர் இப்போ கூத்து ஆடுறாங்க?" எனக்கு இந்தக் கேள்வி மேல் கோபம் உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர்களில் எத்தனை பேர் கணித மேதை ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கூத்துப் படித்த பிள்ளை ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போனால் மட்டும் கலைக்குத் துரோகம். "கலை அழியக் கூடாது" என்று சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற நாம் நம் பிள்ளையை எந்தக் குழுவுக்கும் அனுப்பப் போவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளையின் தூக்கத்தில்தான் நம் பாரம்பரியம் நிற்க வேண்டுமா?

ஆனால் இந்த வாதம் பாதி தூரம்தான் வரும். கணக்கு, ஆள் இல்லாவிட்டாலும் புத்தகத்தில் இருக்கும். கூத்து அப்படியில்லை. ஆடுகிறவர், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டு என்று ஒரு குழுவே ராத்திரி முழுக்க விழித்திருக்க வேண்டும். வீடியோவில் நாற்பது நிமிஷம் பதிந்து வைத்தால் கிடைப்பது வேறு ஒன்று. எல்லாருக்கும் விலகும் சுதந்திரம் கொடுத்தால், எல்லாரும் விலகலாம். பிள்ளையின் உரிமையை மதிப்பவர்கள் இதையும் ஏற்கத்தான் வேண்டும். நான் ஏற்கிறேன், சந்தோஷமாக இல்லை.

பெண் பிள்ளைகளிடம் வரும்போது இந்தச் சுதந்திரம் என்ற சொல்லே தடுமாறுகிறது. பையன் கூத்தை விட்டால் அது பெரும்பாலும் சம்பளக் கணக்கு. பெண் விட்டால் அது அவள் முடிவா என்பதே தெரியாது. ராத்திரி வெளியூர், ஆண்களோடு வேன் பயணம், ஊர் பார்க்க வேஷம். "கல்யாணத்துக்கு அப்புறம் வேண்டாம்மா" என்ற ஒரே வரியில் பல வருஷப் பயிற்சி முடிந்துவிடும். கர்ணனாகவோ துரியோதனனாகவோ கட்டைகள் பூட்டி நின்ற பெண்ணுக்கு அந்த வரியை எதிர்க்கும் தெம்பைக் கூத்து கொடுத்ததா? எந்தக் கலைப் பள்ளியின் பாடத்திட்டத்திலும் இது இல்லை. விலகியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவதை விட்டு, "நீயா விட்டே, விட வெச்சாங்களா?" என்று அவர்களிடம் நாம் கேட்டிருக்கலாம்.